நின்ற பஸ்ஸிலிருந்து மூன்று எட்டு

கொழும்பில் காலி வீதி பஸ்கள் வெள்ளவத்தையில் முழுதாக நிற்பதில்லை. மெதுவாக உருளும், நாங்கள்தான் பார்த்து இறங்க வேண்டும். பஸ்ஸோடு சேர்ந்து எங்கள் உடம்பும் ஓடிக்கொண்டிருப்பதால், கால் தரையில் பட்டு நின்றாலும் மேலுடம்பு நிற்காது. அதுதான் சடத்துவம். ஆகவே பஸ் போகும் பக்கம் பார்த்து இறங்கி, மூன்று எட்டு ஓட வேண்டும். நாற்பது வருடமாக நான் அப்படித்தான் இறங்குகிறேன். மனைவிக்கும் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன்.

என் முழங்கால் வைத்தியத்துக்குப் பிறகு மகன் சொல்லிவிட்டான்: "அப்பா, ஒருக்கா விழுந்தீங்களெண்டால் பஸ் பயணம் அதோடை சரி. பிறகு ஓட்டோதான்." ஜன்னலோரக் காற்று இல்லாத வெள்ளிக்கிழமைக் கோயில் பயணத்தை நினைக்கவே முடியவில்லை. அன்று கொட்டாஞ்சேனைக் கோயிலிலிருந்து மனைவியோடு திரும்பும்போது ஒவ்வொரு பஸ் தரிப்பாக எண்ணிக் கவலைப்பட்டேன்.

எங்கள் தரிப்பு நெருங்கியதும் மனைவி எழுந்து முன்னே போனாள். "மல்லி, டிக்கக் நவத்தன்ன" என்று சாரதித் தம்பியிடம் சிங்களத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். பஸ் அசையாமல் நின்றது. அவள் ஆறுதலாக இறங்கினாள். பின்னால் இறங்கிய என் கால்கள் மட்டும் வழக்கப்படி மூன்று எட்டு ஓடின. இளநீர் வண்டியைப் பிடித்துத்தான் நின்றேன்.

"பஸ் நிண்டிட்டுது. நீங்கள் எங்கை ஓடுறியள்?"

"சடத்துவம்" என்றேன். சாரதி பிரேக் போட்டது பஸ்ஸுக்குத்தான். என் பழக்கத்துக்கு அல்ல.

"ஓம், ஓம். விழேல்லைத்தானே, மகனுக்குச் சொல்லமாட்டன். இளநி வாங்கித் தாங்கோ."

இரண்டு வாங்கினேன். அவளுடையதில்தான் தண்ணீர் கூடுதல். இருக்கட்டும், அடுத்த வெள்ளிக்கிழமையும் பஸ்தான்.