மேனேஜரைத் தேர்ந்தெடுத்த சட்டைக்காரர்

என் வீட்டுக்காரரை எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா நாட்டோட ஃபுட்பால் டீம்ல எல்லாருக்கும் தெரியும். "சட்டைக்காரர்"னுதான் கூப்பிடுவாங்க. பத்தொன்பது வருஷமா டீமோட ஜெர்சியை எல்லாம் துவைச்சு, மடிச்சு, நம்பர் பார்த்து அவங்கவங்க கொக்கியில மாட்டி வைக்கிறதுதான் இவர் வேலை. வீட்ல தன் சட்டையை மட்டும் கழட்டின இடத்துலயே போட்டுட்டுப் போவார். அதைப் பேச ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது, விடுங்க.

அந்த வருஷம் வரிசையா ஆறு மேட்ச் தோத்ததும் மேனேஜரை அனுப்பிட்டாங்க. புது ஆளைத் தேடினதுல கடைசியா மூணு பேர் மிஞ்சினாங்க. வெறும் பேச்சை நம்பி ரெண்டு தடவை சூடுபட்டாச்சு, ஆளுக்கு ஒரு நாள் டீமுக்குப் பயிற்சி கொடுக்கட்டும், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு ஃபுட்பால் சங்கத் தலைவியம்மா சொல்லிட்டாங்க.

முதல் ஆள் லேப்டாப்போட வந்தார். ரெண்டாவது ஆள் நம்ம பழைய கேப்டன். வந்ததும் வராததுமா இவர் தோள்ல கையைப் போட்டு, "நான் வந்தா இந்த ஸ்டோர் ரூம் சாவி உங்ககிட்டதான் அண்ணே"ன்னு சொல்லியிருக்கார். மூணாவது ஆள் ஒல்லியா, அதிகம் பேசாதவர், ஏதோ ஒரு சின்ன கிளப்பை மேல தூக்கி விட்டவராம். தன்னோட பன்னிரண்டு வருஷமா வேலை பார்க்கிற சட்டைக்காரர் ஒருத்தர் இருக்கார், வேலை கிடைச்சா அவரைத்தான் கூட்டிட்டு வருவேன், பின்னால தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாதேன்னு இப்பவே சொல்றேன்னு இவர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டார். அதைக் கேட்ட நிமிஷமே நான் முடிவு பண்ணிட்டேன், கேப்டன்தான் மேனேஜர்னு. என் முடிவை யார் கேட்டாங்க!

இதுல இவர் பண்ணின கூத்து ஒண்ணு இருக்கு. பயிற்சிக்கு முன்னாடி ஜெர்சிக்கு மேல போட்டுக்க கையில்லாத சட்டை கொடுப்பாங்க. சிவப்பு போட்டவங்க மேட்ச்ல இறங்குற பதினோரு பேர், மஞ்சள் போட்டவங்க பெஞ்ச்ல உக்கார்றவங்க. யாருக்கு எதுன்னு மேனேஜர்தான் சொல்லணும். பழைய மேனேஜர் போனப்புறம் சொல்ல ஆள் இல்ல. இவர் பாட்டுக்குப் பழக்கதோஷத்துல, போன மேனேஜர் சொல்லி வச்சிருந்தபடியே முதல் நாளும் மாட்டிட்டார், ரெண்டாவது நாளும் மாட்டிட்டார். லேப்டாப்காரரும் கேக்கல, கேப்டனும் கேக்கல. மாட்டியிருந்ததை அப்படியே பிள்ளைங்க போட்டுக்கிட்டாங்க, அப்படியே ஆடினாங்க. ஆக, அந்த ரெண்டு நாளும் நாட்டோட டீமைத் தேர்ந்தெடுத்தது யாருங்கறீங்க? என் வீட்டுக்காரர்!

மூணாவது நாளும் அதே மாதிரிதான் தொங்கிச்சு. அந்த ஒல்லி மனுஷன் உள்ள வந்து சுத்தி ஒரு பார்வை பார்த்துட்டு, "யார் பிரிச்சது இது?"ன்னு கேட்டிருக்கார். இவருக்கு அப்பத்தான் உறைச்சிருக்கு. தப்புதான், பழக்கத்துல பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்டார். அவர் கோபப்படல. எல்லாச் சட்டையையும் கழட்டி ஒரே குவியலா போடச் சொல்லிட்டு, ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு எங்க ஆடினா நல்லா வரும்னு கேட்டு, மைதானத்துல ஆட விட்டுப் பார்த்து, அப்புறம்தான் கலர் கொடுத்தாராம்.

மறுநாள் தலைவியம்மா நேரா ஸ்டோர் ரூமுக்கே வந்துட்டாங்க. கமிட்டியில ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாங்க, நீங்க எத்தனையோ மேனேஜரைப் பார்த்தவர், மூணு நாளும் கூடவே இருந்தீங்க, சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. மனுஷன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். கேப்டன் பேரைச் சொல்லியிருக்கலாம். தன் தப்புல ஆரம்பிச்சு, மூணாவது ஆள் கேட்ட கேள்வி வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டு வந்துட்டார்.

தையல் மிஷின்ல உக்காந்திருந்த எனக்கு வந்தது பாருங்க கோபம்! "உங்களை அனுப்பப் போற ஆளுக்கே சிபாரிசு பண்ணிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"மத்த ரெண்டு பேருக்கும் நான் பண்ணின தப்பு கண்ணுக்கே தெரியலம்மா. அப்படிப்பட்ட ஆள் கையில டீமைக் கொடுத்தா, என் வேலை நிலைக்கும். டீம் நிலைக்குமா?"

ரெண்டு நாள் அவர் கழட்டிப் போட்ட சட்டையை நான் எடுக்கவே இல்ல.

ஒல்லி மனுஷனுக்கே வேலை கிடைச்சுது. சொன்ன சொல் மாறாம தன் ஆளையும் கூட்டிட்டு வந்தார். இவரைப் பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க டீமுக்கு மாத்திட்டாங்க. சாவியைக் கொடுத்துட்டு வந்த அன்னைக்கு, சாப்பாட்டைப் பாதியிலயே வச்சுட்டு எழுந்துட்டார். ஆனா அடுத்த வாரத்துலயே, கோல்கீப்பர் பொண்ணுக்கு எந்த சைஸும் சரியா வரலன்னு ஒரு ஜெர்சியைத் தூக்கிட்டு வந்து என் மிஷின் முன்னால போட்டார். சரி, மனுஷன் தேறிட்டார்னு நினைச்சுக்கிட்டேன்.

புது மேனேஜரோட முதல் மேட்ச்சுக்கு எங்களுக்கு ரெண்டு டிக்கெட் வந்துச்சு. அனுப்பினது அவரேதான். படியேறி எங்க இடத்துல உக்காந்ததும்தான் இவர் சொன்னார், இத்தனை வருஷத்துல ஒரு மேட்ச்சைக் கூட முழுசா பார்த்ததில்லையாம். ஆட்டம் ஆரம்பிச்சதும் உள்ள போய் அடுத்த பாதிக்கு ஜெர்சி எடுத்து வைக்கணும், ஈரத்தைப் பிழியணும். கோல் விழுந்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேக்கும். யார் போட்டதுன்னு வெளிய இருந்து வர்றவங்ககிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்குவாராம். பத்தொன்பது வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன், இது எனக்குத் தெரியாது.

எழுபதாவது நிமிஷம் நம்ம பசங்க அடிச்சாங்க. எல்லாரும் எழுந்துட்டாங்க, நானும் எழுந்து கத்தினேன். இவர் மட்டும் கண்ணு நிறைய தண்ணியோட என் கையைப் பிடிச்சு இழுத்தார்.

"நம்ம கோலா?"

கண்ணால பார்த்துட்டுத்தான் கேட்டார். "நம்மதுதாங்க"ன்னு சொன்னேன்.