மச்சான் எண்ணிய நூற்றெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கொல்லைக் கொடியில் ஒரு ஃபிலிம் தொங்கியது. முப்பத்தாறு படம். முப்பத்தாறிலும் மோர் ஊற்றிய மாதிரி வெள்ளை மூடாக்கு.

வேறு நாளாயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. அந்த ஃபிலிமில் இருக்கும் ஒரு படத்தைப் பார்ப்பதற்கென்றே, நாலு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத என் மச்சான் — என் மனைவியின் தம்பி — சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் அந்த நாலு வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு மூன்று வயதில் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மாமனைக் காணோம். வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதாம். ராகுகாலம் நெருங்குகிறது... பத்தர் ஊசியோடு காத்திருக்கிறார்... கடைசியில் என் பெரியப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டோம். ஒரு காது முடிந்து மறு காதுக்கு ஊசி போகும்போது மச்சான் வந்து நின்றார். கையில் தாம்பாளம். அதில் பட்டுப்பாவாடை, மாலை, தோடு. தாம்பாளத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான்.

அக்காதான் அப்படிச் செய்யச் சொன்னாள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். என் மனைவியும் இல்லை என்று மறுக்கவில்லை. உண்மையில் சொன்னது யார்? கொஞ்சம் பொறுங்கள்.

இந்த மார்கழித் தேருக்குச் சிதம்பரம் போயிருந்தோம். கீழ வீதியில் நிற்க இடமில்லை. தேர் தெரியவில்லை என்று மகள் சிணுங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து இரண்டு கை வந்து அவளைத் தூக்கித் தோளில் வைத்தது. பார்த்தால், மச்சான்! “மாமன் தோள்ல உக்காந்தா மேல கலசமே தெரியும் பாரு” என்றார், அவளிடம் மட்டும். அக்கா பக்கம் திரும்பவில்லை. அக்காவோ தேரை விட்டுவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கையில் கேமரா இருந்தது. ஒரு படம் எடுத்தேன். அடுத்ததற்கு ஃபிலிமைத் தள்ளுவதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது.

பிள்ளையை இறக்கிவிட்டு, “படம் எடுத்தீங்களா மாமா?” என்றார். கழுவினால்தான் தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்.”

வீட்டுக்கு வர மனுஷனுக்கு ஒரு சாக்கு வேண்டுமில்லையா? திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “ஏங்க, அந்த ஒரு படம் மட்டும் நல்லா வந்துட்டா போதும்.”

இனி என் கழுவுகிற லட்சணத்தைக் கேளுங்கள்.

நான் படித்தது எட்டாவது. ரசாயனம் எல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் — டெவலப்பர் படத்தை வெளியே கொண்டுவரும், ஹைப்போ அதை நிலைநிறுத்தும். ஃபிலிமில் படமாகாமல் மிச்சமிருக்கும் வெள்ளைப் பூச்சை — பால் என்போம் — ஹைப்போதான் கரைத்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால், எவ்வளவு அழகாக வந்த படமும் பின்னால் கெட்டுப்போகும்.

குளியலறையை இருட்டாக்கி ஃபிலிமை வெளிச்சம் புகாத சின்ன டாங்கில் சுற்றி மூடிவிட்டால், மற்ற வேலையெல்லாம் வெளிச்சத்திலேயே செய்யலாம். நான் கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொள்வேன். ஹைப்போவுக்கு மட்டும் கடிகாரம் பார்ப்பதில்லை. நூற்றெட்டு முறை ‘நமசிவாய’. வாய்விட்டு, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு. சரியாகப் பத்து நிமிஷம் ஆகும். சும்மா உட்காரும் நேரத்தில் நாலு முறை சாமி பேரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆரம்பத்தில் குளியலறையிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். “கக்கூஸ் பக்கத்துல உக்காந்துகிட்டா சாமி பேர சொல்லுவாங்க?” என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். அன்றைக்கு வெளியே வந்தவன்தான்.

அந்த ஞாயிறு ஹைப்போவை டாங்கில் ஊற்றி முப்பதாவது நமசிவாய சொல்லும்போது செல்போன் அடித்தது. “மாமா, முதுநகர் தாண்டிட்டேன். பத்து நிமிஷத்துல பஸ் ஸ்டாண்டு.”

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் எட்டரைக்கே வருகிறார்! நான் சட்டைகூடப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வராவிட்டால் அது வேறு குறையாகிவிடும். மிச்சமிருந்த எழுபத்தெட்டையும் எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி ஓட்டி முடித்தேன். தண்ணீரில் ரெண்டு அலசு. பாதி பார்த்தும் பார்க்காமலும் கொடியில் மாட்டிவிட்டு ஓடினேன்.

மச்சானைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தால்... மோர்.

பின்னாலேயே வந்துவிட்டார். ஃபிலிமைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்னா மாமா, படம் எடுத்தீங்களா, வெள்ளையடிச்சீங்களா?”

என் மனைவி கதவோரம் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஃபிலிமைப் பார்த்தாள். அதுதான் ஜாஸ்தி வலித்தது. படம் இல்லையென்றால் மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் எந்தச் சாக்கில் வருவார்?

பரங்கிப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய் எனக்குப் பல வருஷ சிநேகிதர். அவருக்குப் போன் போட்டேன். பதற்றத்தில் தேர், மச்சான், மோர் எல்லாவற்றையும் கலந்துகட்டிச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“துண்டு போட்டுப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஃபிலிமின் தொடக்கத்தில் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் துண்டை வெட்டி முதலில் ஹைப்போவில் போட வேண்டும். எவ்வளவு நேரத்தில் பால் கலைந்து கண்ணாடியாகிறது என்று பார்க்க வேண்டும். நானோ அஞ்சாறு ஃபிலிம் கழுவிய பழைய ஹைப்போவை, மார்கழிக் குளிரில், துண்டு போட்டுப் பார்க்காமல் ஊற்றியிருக்கிறேன். அதிலும் பாதி நேரம்தான்.

பாய் சிரித்தார். “படம் எங்கியும் போவல. உள்ளதான் இருக்கு. வெயில்ல நிக்காம புது ஹைப்போ கலந்து திரும்பப் போடுங்க. பால் கலைஞ்சதும் எடுத்துடாதீங்க, அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறது. கலைய எவ்வளவு நேரமாச்சோ, அதே அளவு இன்னும் ஒரு தடவ உள்ள கெடக்கணும்.”

ஃபிலிமைத் தண்ணீரோடு டாங்கில் போட்டு மூடினேன். ஹைப்போ உப்பு கரையும்போது தண்ணீர் ஐஸ் மாதிரி குளிர்ந்துவிடும். அதனால் வெந்நீர் கேட்டேன். சமையல் பாத்திரத்தில் தரமாட்டேன் என்று எப்போதும் சொல்கிற என் மனைவி, அன்றைக்கு இட்லிப் பானையையே தூக்கி வந்தாள். வேண்டாம் என்று சொல்லி என் பிளாஸ்டிக் மக்கில் வாங்கிக்கொண்டேன். துண்டு ஃபிலிம்? நான் வெட்டிப்போட்ட நாக்கை மகள் விளையாட எடுத்து வைத்திருந்தாள்; அவள் பென்சில் டப்பாவில் கிடைத்தது. மச்சானே அதைப் புது ஹைப்போவில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் கலைந்தது. அப்படியென்றால் பத்து. பழையபடி நூற்றெட்டு!

“நான் எண்ணுறேன் மாமா. உங்கள நம்புனா மோர்தான்.”

துவைக்கிற கல்லில் அவர் உட்கார்ந்தார். கையில் டாங்க்; மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். நமசிவாய... நமசிவாய... கோயிலுக்குள் நிற்கிற மாதிரி அவ்வளவு நிதானம். நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அவசரப்பட்டுக் கெடுத்தது இந்த ஃபிலிம் மட்டுமா?

அறுபதோ எழுபதோ இருக்கும். அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“மச்சான்... அன்னிக்கி ராகுகாலம் வந்துடும், உக்கார வையுங்கன்னு சொன்னது நான்தான். தம்பி வரட்டும், தம்பி வரட்டும்னு உங்க அக்கா அழுதா. நான்தான் கேக்கல.”

டாங்க் சுற்றுவது நின்றது. உள்ளே என் மனைவி பாத்திரம் உருட்டுகிற சத்தமும் நின்றது. நாலு வருஷம் புருஷன் பேர் கெடக் கூடாது என்று பழியைத் தானே சுமந்தவள் அவள். சுமக்கட்டும் என்று விட்டுவிட்டு, தினமும் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு சாமி கும்பிட்டவன் நான்.

மச்சான் டாங்கை மறுபடி சுற்றத் தொடங்கினார்.

“எண்ணிக்க விட்டுப்போச்சு மாமா. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.”

ஆரம்பித்தார். கூட நானும் சொன்னேன்.

மூடியைத் திறந்து ஃபிலிமை எடுத்தோம். கண்ணாடி! நிதானமாக அலசி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். தேர், கூட்டம், மச்சான் தோளில் என் மகள், பக்கத்தில் அண்ணாந்து பார்க்கும் அக்கா. நெகட்டிவ் இல்லையா, எல்லாம் தலைகீழ் நிறம். “மாமா பல்லு ஏன் கறுப்பா இருக்கு?” என்று மகள் கேட்டாள். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அடுத்த பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபிலிம் காய வேண்டுமே! மத்தியானம் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் சாப்பிட்டு, மாலை விளக்கேற்றிய பிறகுதான் மச்சான் கிளம்பினார். அந்தக் காதுகுத்துத் தாம்பாளத்தை என் மனைவி துலக்கி, பழம், வெற்றிலை வைத்துக் கொடுத்தாள். இந்த முறை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

படத்தைப் பெரிசாகப் போட்டுத் தரும் வேலை அடுத்த ஞாயிறு; பேப்பரில் போடவும் ஹைப்போ வேண்டும். வந்து வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுவேன், வேலை இருக்கிறது என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மச்சான் சொன்னார்.

என் மனைவி என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: “அந்தப் பழைய ஹைப்போவக் கொட்டிடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கும் வேணும்.”