ஃப்ரிட்ஜில் வைத்த குழல்

முப்பத்திரண்டு வயதில்தான் புல்லாங்குழல் கற்கத் தொடங்கினேன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. வேலை முடிந்து வந்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் உட்கார்ந்து ஆறு வருடம் சாதகம் செய்தேன். கைப்பேசியில் சுருதி ஓடும். குழல் அதோடு ஒட்டி நிற்கும். என் காது சுத்தம் என்று நம்பியிருந்தேன்.

முதல் கச்சேரி செங்கம் சாலையில், ஒரு விடுதியின் ஏசி அறையில். மிருதங்கம் வாசித்தவர் அலுவலகத்தில் என் பக்கத்து சீட்டுக்காரர், என்னைவிட இளையவர். மோகனத்தில் ஆலாபனை தொடங்கியதுமே ஏதோ உறுத்தியது. குழல் சுருதிக்குக் கீழேயே நின்றது. பயத்தில் பலமாக ஊதினேன், கீச்சிட்டது. வந்திருந்தவர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் மிருதங்கக்காரரிடம் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க, சுருதி சேரலதானே?"

"கொஞ்சம் கம்மியாதான் இருந்துச்சுக்கா. ஆனா கடைசிப் பாட்டுல சேந்துடுச்சு. ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலையே."

இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வி மட்டும் மிஞ்சியது. எதையும் மாற்றாமல் அது எப்படிச் சேர்ந்தது?

ஞாயிற்றுக்கிழமை, ஏசி குளிர்தான் காரணமோ என்று பார்க்க, பழைய குழல் ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். தண்ணீர் எடுக்கப் போன என் கணவர் கதவைத் திறந்தபடியே நின்றார்.

"இன்னா இது, கத்திரிக்கா பக்கத்துல புல்லாங்குழல்?"

"எடுக்காதீங்க, இன்னும் பத்து நிமிஷம் ஆகணும்."

குழலை வெளியே எடுத்து ஊதினேன். சுருதி காட்டும் செயலியில் முள் நடுக்கோட்டுக்கு வெகுவாக இடப்பக்கம் கிடந்தது. ஊத ஊத மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. அவர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, கிரிக்கெட் பார்ப்பவர்போல "ஏறுது, ஏறுது" என்றார். முள் நடுவுக்கு வந்ததும் யோசித்துச் சொன்னார்:

"அப்போ மாடியில இருந்த சூடுதான் உனக்கு சுருதி சேத்துக் குடுத்திருக்கு."

சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. காதை நான் வேலை வாங்கியதே இல்லை.

அதன்பின் தினமும் குளிர்ந்த குழலில் தொடங்கினேன். முதலில் முள்ளைப் பார்த்து வாசித்தேன். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி. குழலை உதட்டில் ஒரு நூல் அளவு வெளிப்பக்கம் திருப்பினால் சுருதி ஏறும், உள்பக்கம் திருப்பினால் இறங்கும். அந்த ஒரு நூல் பழக மூன்று மாதம் ஆனது.

அதே அறையில் மறுபடி வாசித்தேன். தொடங்குவதற்கு முன் துளைகளை மூடி, சத்தமில்லாமல் மூச்சை விட்டுக் குழலைச் சூடாக்கினேன். ஆலாபனை சேர்ந்தே வந்தது. இரண்டாவது பாட்டில் அறை நிறைந்து வெக்கை ஏற, குழலும் மேலே ஏறப் பார்த்தது. எனக்குக் கேட்டது. லேசாக உள்ளே திருப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஐப்பசியில் இன்னொரு கச்சேரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மழை ஈரத்தில் மூங்கில் என்ன செய்யும் என்று இன்னும் தெரியவில்லை. பார்க்க வேண்டும்.