சர்வீஸ் சாரின் ரத்தம்

என் மேசை இழுப்பறையில் ஊதா மூடி போட்ட ஒரு சின்னக் குழாய் கிடக்கிறது. உள்ளே இருந்த ரத்தத்தை எப்போதோ கழுவிவிட்டேன். ஒட்டிய சீட்டில் ‘நல்லது’ என்ற எழுத்து மட்டும் மங்கலாக இருக்கிறது. எழுதியவர் எங்கள் சர்வீஸ் சார். திருப்போரூரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மிஷினோ அதோடு இணைத்த கம்ப்யூட்டரோ மக்கர் பண்ணினால், செய்யூர்ப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து இறங்குவார்.

பழுது எங்கே என்று பிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. மிஷினின் குட்டித் திரையில் ஒரு எண்ணும் கம்ப்யூட்டரில் வேறு எண்ணும் வந்தால் கோளாறு சாஃப்ட்வேரில். இரண்டிலும் ஒரே எண் வந்து, அதுவே சந்தேகமாக இருந்தால், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் நீட்டுவார். ரத்தம் எடுத்த குழாயில் ‘நல்லது’ என்று எழுதி ஒட்டி மிஷினில் வைப்பார். அவருடைய எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். அது மாறி வந்தால் ஹார்ட்வேர். கம்பெனி அனுப்பும் சோதனை ரத்தம் பாதி நாள் வந்து சேராது, அதனால் எங்களுக்கும் அவர் கைதான் அளவுகோல். “ஊசி போட்டா கண்ணு கலங்காத மீட்டரு நாந்தாம்மா” என்பார்.

அது மழைக்காலம். சில நாளாகக் காய்ச்சலில் கிடந்த என் மகளுக்கு அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. இட்லிகூடக் கேட்டுச் சாப்பிட்டாள். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கூட்டிவந்து ரத்தம் எடுத்தேன். லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு, அதாவது பிளேட்லெட், பதினெட்டாயிரம் என்று வந்தது. மறுபடி போட்டேன், அதேதான். பக்கத்து டாக்டரிடம் ஓடினேன். உண்மையாக இருந்தால் உடனே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். உண்மையாக இருந்தால்! அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன். போன வாரம்தான் இதே கம்ப்யூட்டர் ஒருவர் எண்ணை இன்னொருவர் பெயரில் காட்டியிருந்தது. சனியன், இன்றைக்கும் பொய்தான் சொல்லும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, அடுத்த தெருவில் வேலையாக இருந்த சாரை அழைத்தேன்.

இரண்டு திரையிலும் ஒரே எண். கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை என்றார். கையை நீட்டினார். அவர் ரத்தத்துக்கும் கிட்டத்தட்ட மகளுடைய எண்ணே வந்தது. “மிஷினுதாம்மா பேஜார் பண்ணுது. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மகள் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள். அவர் மிஷினைத் திறந்து குழல் குழலாகக் கழற்றினார். எங்கேயும் அடைப்பில்லை, கசிவில்லை. திரும்பப் பூட்டித் தன் குழாயையே மறுபடி வைத்தார், அதே எண். என் ரத்தத்தையும் போட்டுப் பாருங்கள் என்று நானே சொன்னேன்.

அந்த ஒரு நிமிஷம் நான் வேண்டிக்கொண்டது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. என் எண்ணும் கெட்டுப்போய் வரட்டும் என்று வேண்டினேன். இரண்டரை லட்சம் வந்தது.

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இறக்கி விட்டார்.

“மிஷின் நல்லாத்தாம்மா கீது. பாப்பாவத் தூக்கு.”

ஆட்டோவில் மகளின் ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்தேன். டெங்கு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிழைத்துக்கொண்டாள். வேலைக்குத் திரும்பியபோது சாரின் ‘நல்லது’ குழாய் தாங்கியிலேயே நின்றிருந்தது. சார் பிறகு வரவே இல்லை. அவர் இடத்துக்கு வந்த இன்ஜினீயர்தான், சாருக்கு ரத்தப் புற்றுநோய், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டார் என்று சொன்னார். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நான், அன்று அவருடைய எண்ணைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதும் மிஷின் தகராறு செய்தால், நன்றாக இருக்கிற யாருடைய ரத்தமாவது வேண்டும் என்று புதியவர் கேட்கிறார். நான்தான் கையை நீட்டுகிறேன். எண் வரும்வரை திரைப் பக்கம் திரும்புவதில்லை. குழாயில் என் பெயரை எழுதி ஒட்டுகிறேன். ‘நல்லது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.