மூன்றுக்குப் பிறகு மணி இல்லை

இன்று காலை தேநீரில் ரஸ்க்கைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, மெயில் பெட்டியில் இடம் தீரப் போகிறதென்று போனில் மணி அடித்தது. நாங்கள் செய்த மென்பொருள்தான். அதை இன்னும் வைத்திருக்கும் ஆசாமி அநேகமாக நான் ஒருவன்தான். சரி, குப்பையைக் கூட்டுவோம் என்று உட்கார்ந்தேன். ஆனால் ரஸ்க் வாசனை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

கோவில்பத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியறை. நானும் செல்வமும் அந்த மென்பொருளை எழுதியது அங்கேதான். கரண்ட் போனால் கீழிருந்து வரும் வாசனையைத் தாங்க முடியாமல் ரஸ்க் வாங்கித் தின்போம். அவன் கருக்களாச்சேரிக்காரன், கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. எந்த மெயிலுக்கு மணி அடிப்பது என்பதில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. ஒருவர் மூன்று முறை எழுதியும் நாம் பதில் போடவில்லையென்றால் அவர் நமக்கு வேண்டாதவர்; நான்காவதிலிருந்து மணி கிடையாது, மெயில் ஓசைப்படாமல் ‘மற்றவை’யில் போய் விழும். இது என் யோசனை. என்ன கெட்டிக்காரத்தனம், பாருங்கள்.

“கரையில ஒருத்தன் குரல் குடுத்தா, யாரு படகுன்னு கேட்டுட்டா இழுக்க வருவாங்க? வந்துட்டுத்தாண்டா கேப்பாங்க. முதல்ல மணி அடிக்கட்டும்” என்றான் செல்வம்.

“மீன்காரன் புத்திய இங்க காட்டாத” என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கையிலிருந்த ரஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அடுத்த மாதம் துபாய்க்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அங்கிருந்து மூன்று மெயில் போட்டான். மூன்றுக்கும் மணி அடித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், வீம்பு விடவில்லை. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவனுக்குத் திமிர் என்று இத்தனை வருடமும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இன்று ‘மற்றவை’யைத் திறந்தால், விளம்பரக் குப்பைக்கு அடியில் செல்வத்தின் மெயில்கள் பதினொன்று. கடைசியில் இருந்தது இது: “லீவுல வந்துருக்கேன்டா. பத்து நாள் இருப்பேன். தெனம் அஞ்சு மணிக்கு பீச்சுல லைட் ஹவுஸ்கிட்ட நிக்கிறேன். பேச வேணாம், சும்மா வா.” தேதியைப் பார்த்தேன். என் மகள் பிறந்த வாரம் அது. நான் ஊரில்தான் இருந்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்கு ஓடினேன். அவன் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். “அவுங்க வித்துட்டுப் போயி ரொம்ப நாளாச்சுங்க. எங்கன்னு தெரியலீங்க” என்றார் அந்த அம்மா. திரும்பும் வழியில் பார்த்தால், பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை.

அந்தக் கடை வாசலிலேயே நின்று, ‘நான் சொன்னது தப்புடா செல்வம், மன்னிச்சுடு’ என்று பதில் அனுப்பினேன். உடனே மணி அடித்தது. பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டேன். அப்படியொரு முகவரியே இல்லை என்று மெயில் திரும்பி வந்திருந்தது. அந்த அறிவிப்புக்கு மட்டும் எப்போதும் மணி அடிக்க வேண்டுமென்று எழுதிவைத்ததும் நான்தான்.