பொய் சொல்ல மறுத்த ஸ்டெல்லா மிஸ்

ஸ்டெல்லா மிஸ் போய்விட்டார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை காலை வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து அவருடைய மகள் என் மனைவி வாசுகிக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் பாதி முகம் மழித்தபடி கண்ணாடி முன் நின்றேன். அவர் தாதியாக இருந்த குழந்தைகள் வார்டிலிருந்து பிள்ளையைச் சுகமாக வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பலர் இருக்கிறீர்கள். எங்களைப்போல் வெறுங்கையுடன் திரும்பியவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் எங்கள் முதல் மகன் மாதம் நிறையுமுன் பிறந்து, மூன்றாம் நாள் காலை இறந்தான். வாசுகி சத்திரசிகிச்சை முடிந்து மேல்மாடியில் படுத்திருந்தாள். வராந்தாவில் எங்கள் குடும்ப மாநாடு கூடியது.

"இப்ப சொன்னா அழுது தையல் பிரிஞ்சிடும். பிள்ளை இன்னும் கண்ணாடி மெசினுக்குள்ள இருக்கெண்டு சொல்லுவம். காரியத்தை முடிச்சிட்டு ஆறுதலாச் சொல்லலாம்" என்றார் என் அண்ணா. எல்லோரும் தலையாட்டினோம். பெற்றவளிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வெள்ளவத்தை ரியூசன் வகுப்பில் தொண்டை கிழியக் கணிதம் படிப்பிக்கிற எனக்கு, மனைவியிடம் ஒரு வசனம் சொல்லத் துணிவில்லை.

அதே பொய்யைச் சொல்லும்படி ஸ்டெல்லா மிஸ்ஸிடம் கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன் தம்பி. அழுறதால தையல் பிரியாது. நீங்க போய்ச் சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது எங்கட குடும்ப விசயம்" என்று கத்தினேன்.

"அவங்களும் உங்க குடும்பம்தானே?" என்றார், குரலை உயர்த்தாமல்.

சொன்னேன். மேல்மாடிக்குப் போய் அவளிடம் என்ன சொற்களில் சொன்னேன் என்பது நினைவில்லை. மிஸ்ஸின் கை என் முதுகில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு வாசுகியிடம், "பிள்ளையைப் பாக்க விருப்பமா?" என்று அவரே கேட்டார். சக்கர நாற்காலியில் கீழே வார்டுக்குக் கூட்டிவந்து, திரையை இழுத்துவிட்டு, பிள்ளையை மடியில் கொடுத்தார். வாசுகி அவனுடைய காதைத் தொட்டு, "உங்கட காது" என்றாள். ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர் வந்தது. தலையை மிஸ் தாங்கிக்கொள்ள, என் மகனை நான் குளிப்பாட்டினேன். அண்ணாவையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் அவர்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு எங்கள் பிளாட்டுக்கு வந்தார், மீன் வைத்துச் சுடச்சுடப் பொரித்த ஐந்து பற்றிஸ் கொண்ட பொதியோடு. நாங்களோ சுத்த சைவம். "ஐயோ, கேக்காம வாங்கிட்டேனே" என்று நாக்கைக் கடித்தவர், பல்கனியில் இருந்தபடி ஐந்தையும் தானே தின்று தீர்த்தார். வாசுகி மறுபடி சிரித்தது அன்றுதான். போகும்போது, "பிள்ளையப் பத்திக் கதைங்க. கதைக்காட்டி ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் அழுவீங்க" என்றார். அன்றிரவே கதைக்கத் தொடங்கினோம். நாலு வருடம் கழித்து மகள் பிறந்தபோது, அண்ணாவுக்கு முன் அவருக்குத்தான் சொன்னோம்.

அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, வாசுகி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அண்டைக்கு நீங்கள் எனக்குப் பொய் சொல்லியிருந்தா, நான் யாழ்ப்பாணம் அம்மா வீட்டுக்குப் போயிருப்பன். திரும்பி வந்திருக்க மாட்டன்."

இத்தனை வருடத்தில் அவள் இதைச் சொன்னது இதுவே முதல் தடவை. மகள் அவள் மடியில் தலைவைத்து, கால்களை என் மேல் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா மிஸ் எனக்குத் தந்துவிட்டுப் போனவர்கள் இந்த இருவரும்தான்.