காபிப் பாத்திரத்துக்கு ஒரு தோல் வளையம்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பல வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தேன். கைகள் வெடித்து, சோறு பிசைந்தாலே எரியும். பார்த்துப் பரிதாபப்பட்டு மேனேஜர் பாய் என்னை ஆபீசில் காபி கொடுக்கும் வேலைக்கு மாற்றினார். பொத்தானை அமுக்கினால் காபி, டீ, சூப் எல்லாம் ஒரே ருசியில் வரும் மெஷின். பவுடர் நிரப்புவதும் கோப்பை கழுவுவதும்தான் என் வேலை. கை ஆறிவிட்டது. ஆனால் பாய் முதல் நாளே சொல்லியிருந்தார்: "யாராச்சும் கம்ப்ளைண்ட் பண்ணா மறுபடியும் தொட்டிதான்."

ஷூ மாதிரிகளைப் பார்க்க இத்தாலியிலிருந்து ஒருவர் இரண்டு வாரத்துக்கு வந்தார். மெஷின் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னலோரம் வைத்தவர், மறுபடி அதைத் தொடவில்லை. மறுநாள் பையிலிருந்து எட்டுப் பட்டை வைத்த ஒரு அலுமினியப் பாத்திரத்தை எடுத்தார். அடியில் தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் காபி தானாக மேலே ஏறும். கை ஜாடையிலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

நான்காம் நாள், சுத்தமாகக் கழுவ நினைத்து உள்ளிருந்த ரப்பர் வளையத்தை ஸ்பூனால் நெம்பினேன். அறுந்துவிட்டது. அது இல்லாவிட்டால் ஆவி பக்கவாட்டில் போய்விடும், காபி ஏறாது.

சாப்பாட்டு நேரத்தில் பாத்திரக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர், "குக்கர் ரப்பர்தான் இருக்குதுண்ணா. மூணு லிட்டரா, அஞ்சா?" என்றார். அறுந்த வளையத்தைக் காட்டினேன். "இது இன்னாண்ணா, பொம்மை குக்கரா?"

நாலு மணிக்கு அவருக்குக் காபி வேண்டும். எங்கள் தெருவில் அடிபம்புக்கு வாஷர் போனால் தோலைத்தான் வெட்டிப் போடுவோம். இதற்கும் அதுவே போதும் என்று தோன்றியது. கழிவுத் துண்டுகளில், ஷூவுக்குள் பாதத்தடியில் வைக்கும் இன்சோல் தோலை எடுத்து வெந்நீரில் போட்டேன். அப்பளம் மாதிரி சுருண்டது. அடுத்து நீலத்தோல், குரோம் மருந்தில் ஊறி நீல நிறமான தோல். தோல் நன்றாகப் பதமானதா என்று அதைக் கொதிக்க வைத்துத்தான் பார்ப்பார்கள். சுருங்கவில்லை. வட்டமாக வெட்டிப் பொருத்தினேன். காபி அழகாக ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் ருசி பார்க்கத் தோன்றவில்லை.

இத்தாலிக்காரர் ஒரு வாய் குடித்தார். சட்டென்று நிறுத்தினார். கோப்பையை மோந்தார். பாத்திரத்தைத் திருகித் திறந்து, நீல வளையத்தை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாயைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார்.

"இன்னாப்பா இது? நீ போட்டியா?"

அறுந்த வளையத்தை எடுத்துக் காட்டினேன். "ரப்பரு என் கையால அறுந்துடுச்சு பாய். கடையில கிடைக்கல. நான்தான் வெட்டிப் போட்டேன்."

"குடிக்கிறதுல தோலைப் போடுவியா? மூளை இருக்குதா உனக்கு?"

பாய் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, இத்தாலிக்காரர் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருசமா தோலை மோந்து பாக்குறாராம், குடிச்சது இன்னைக்குத்தானாம். ஆட்டுத்தோல்தானேன்னு கேக்குறாரு."

"ஆமா பாய், ஆடுதான்."

"ஒரு வாயோட தப்பிச்சாரு. சரி, மீதி நாளைக்கு இன்னா குடிப்பாரு?"

அன்றுதான் முதல் தடவையாக நானே ஒரு யோசனை சொன்னேன். "எங்க வூட்டு பில்டரை எடுத்துட்டு வரேன் பாய். அதுல ரப்பரே கெடையாது."

மறுநாள் எவர்சில்வர் பில்டரோடு போனேன். மேல் தட்டில் தூளை அமுக்கி வெந்நீர் ஊற்றிவிட்டு, டிகாஷன் சொட்டுவதை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டினார். நான் இரண்டு தடவையும் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். பாலில்லாமல் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார். வாசனைக்குக் கணக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் மெஷினை விட்டு வந்து நின்றார்கள்.

அவர் ஊருக்குப் போன பிறகு பில்டரைத் துடைத்துப் பையில் வைத்தேன். பாய் பார்த்துவிட்டார்.

"எங்க எடுத்துட்டுப் போற? வையி. தொட்டிக்கு ஒரு ஆள் கேட்டாங்க. காபிக்கு ஆள் கம்மி, அனுப்ப முடியாதுன்னுட்டேன்."

பில்டரை மறுபடி வெளியே எடுத்தேன். பிறகு போய் வெந்நீர் வைத்தேன்.

இதை எழுதி முடித்தது ஐப்பசி பத்து, ஞாயிற்றுக்கிழமை.